ஆர்ஓ வாளியும் கருகிய இலை நுனியும்: ஒரு வீட்டுச் செடிகளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடி வீடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அங்கே தனியாக வசிக்கிறார். வீட்டுக்குள்ளும் பால்கனியிலுமாக 17 தொட்டிகள் வைத்திருந்தார்: பீஸ் லில்லி 3, ஸ்பைடர் பிளாண்ட் 4, மணி பிளாண்ட் 3, அரிகா பாம் 2, சிங்கோனியம் 2, ஸ்நேக் பிளாண்ட் 2, கலத்தியா 1. இவை தவிர, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மணி பிளாண்ட் துண்டு ஒன்று தண்ணீரிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. பீஸ் லில்லிகளில் பெரியதற்கு வயது ஒன்பது. அவர் ஓய்வுபெற்ற நாளில் மாணவிகள் வாங்கிக் கொடுத்தது அது. மற்ற இரண்டும் அதிலிருந்து பிரித்து வைத்த கன்றுகள்.

ஜனவரி மூன்றாம் வாரம் என்னை அழைத்தார். நான் சிறிய நாற்றங்கால் ஒன்று நடத்துகிறேன், வீடுகளுக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. நவம்பரிலிருந்தே இலை நுனிகள் கருகுவதாகவும், புதுத் தளிர்கள் வெளுத்து வருவதாகவும் சொன்னார். "தண்ணி ஊத்தாம விட்டுட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார்.

அதற்குள் அவர் செய்து பார்த்த வைத்தியங்கள் நிறைய. ஒரு கடையில் சத்துக் குறைவு என்று சொல்லி, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றிவந்தார். இலை மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு என்று எங்கோ கேட்டு எப்சம் உப்பும் போட்டிருந்தார். அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல் ஊறல் எல்லாம் முறை வைத்து நடந்திருந்தன. எதைச் செய்தாலும் இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் மோசமாகியதே தவிர, தேறவில்லை.

முதல் வருகையில் கண்டது

வரவேற்பறை மூலையில் இருந்த பெரிய பீஸ் லில்லி தொய்ந்து கிடந்தது. மண்ணில் விரலை விட்டால் சொதசொதவென்று ஈரம். ஈரமான மண்ணில் செடி வாடி நின்றால் கோளாறு பெரும்பாலும் வேரில்தான் இருக்கும். தொட்டியைத் தட்டியதும் சிறு கருப்பு ஈக்கள் நாலைந்து எழுந்து பறந்தன. ஈரம் காயாத, கரிமப் பொருள் மிகுந்த கலவையில் முட்டையிடும் ஈக்கள் இவை. அரிசித் தண்ணீர் அவற்றுக்கு விருந்து.

செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். அடிப்பகுதி வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. ஒரு வேரை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தபோது மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது. நடுவில் இருக்கும் நரம்பு மட்டும் நூலாகச் செடியில் நின்றது. சாக்கடை வாடையும் இருந்தது. பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகள் தாக்கும் வேரழுகலின் தெளிவான அடையாளம் இது. தொட்டியின் அடியில் துளை இருந்தாலும், அதை அழகுக்காக வைத்த வெளித்தொட்டிக்குள் இரண்டு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. தேங்கிய தண்ணீருக்கு மேலேதான் செடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

மற்ற செடிகளை நின்றபடியே பார்த்தேன். ஸ்பைடர் பிளாண்ட் இலைகளில் நுனியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டருக்குக் கருகல். மணி பிளாண்டிலும் சிங்கோனியத்திலும் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி வெளிர் மஞ்சளாக. அரிகாவின் அடி மட்டைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சள். கலத்தியாவின் விளிம்புகள் காகிதம்போலக் காய்ந்து சுருண்டிருந்தன. ஸ்நேக் பிளாண்ட் இரண்டும் நன்றாக இருந்தன. அது எளிதில் சாகாத செடி என்று நினைத்து அதைக் கடந்து போனேன். பாட்டிலில் இருந்த மணி பிளாண்ட் என் கண்ணில் படவே இல்லை.

முதல் முடிவும் அதன் காரணமும்

நீர் மிகுதி, அதனால் வேரழுகல், வேர் கெட்டதால் சத்து ஏறவில்லை, அதனால் இலைகள் மஞ்சள். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கில் எதுவும் இடிக்கவில்லை. அழுகல் கண்ணுக்கு முன்னால் இருந்தது, அது உண்மையும்கூட. ஒரு காரணம் உறுதியாகக் கிடைத்ததும் அடுத்ததைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பெரிய பீஸ் லில்லியின் அழுகிய வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டி நீக்கினேன். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து உதிர்த்து அதில் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று புதுக் கலவை செய்து நட்டேன். வேர்கள் குறைந்துவிட்டதால் தொட்டியையும் ஓர் அளவு சிறியதாக்கினேன். வேருக்கு மீறிய பெரிய தொட்டியில் கலவை காய நாளாகும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை ஊற்றினேன். அது செத்த வேரை உயிர்ப்பிக்காது, வரப்போகும் வேருக்குக் காவலாக இருக்கும், அவ்வளவுதான். வெளித்தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மேல்மண் ஒரு விரல் கணு அளவு காய்ந்த பிறகே தண்ணீர் என்று சொன்னேன். உரம், ஊறல், அரிசித் தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு

பிப்ரவரி இரண்டாம் வாரம் மீண்டும் அழைப்பு வந்தது. நான் சொன்னதை அவர் அச்சுப் பிசகாமல் செய்திருந்தார். எந்தத் தேதியில் எந்தச் செடிக்கு எத்தனை டம்ளர் என்று நோட்டுப் போட்டு எழுதியும் வைத்திருந்தார். ஈக்கள் போய்விட்டன. பீஸ் லில்லி நிமிர்ந்திருந்தது. ஆனால் புதிதாக விரிந்த இலையின் நுனி மறுபடி கருகியிருந்தது.

செடியை மெதுவாகச் சாய்த்துக் கலவையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். புது வேர்கள் வந்திருந்தன. தண்டை ஒட்டி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குப் பால்வெள்ளை. நுனி மட்டும் தீயில் காட்டி எடுத்ததுபோலப் பழுப்பாகச் சுருங்கி, வளர்ச்சி நின்றுபோயிருந்தது. அழுத்தினால் குழையவில்லை, கெட்டியாக இருந்தது. தோல் கழலவில்லை. வாடையும் இல்லை. அழுகல் இப்படி வராது. அழுகிய வேர் குழையும், நாறும், உரியும். நுனி மட்டும் உலர்ந்து சுருங்கியிருந்தால் அது உப்பின் வேலை. வேர் தண்ணீரை உறிஞ்சுவது நுனிப்பகுதியில்தான். அதுதான் முதலில் கருகுகிறது.

ஆக, முதல் வருகையில் நான் கண்ட அழுகல் பின்னால் வந்தது. உப்பால் வேர் நுனிகள் கருகின. தண்ணீர் ஏறாமல் செடி வாடியது. வாடுகிறதே என்று அவர் மேலும் ஊற்றினார். குடிக்க ஆளில்லாத தண்ணீர் தேங்கியது. ஏற்கெனவே புண்ணான வேரில் அழுகல் கிருமி நுழைந்தது. நான் வைத்தியம் பார்த்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு மட்டும்.

உட்கார்ந்து கேட்டவை

அன்றைக்குத்தான், முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கடந்த ஒரு வருடத்தில் இந்த வீட்டில் என்னென்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று மாற்றங்கள் வெளிவந்தன.

சென்ற ஏப்ரலில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வாங்கியிருக்கிறார். அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சாக்கடையில் விட அவருக்கு மனம் வரவில்லை. சமையலறைத் தொட்டிக்கடியில் நீல வாளி ஒன்று வைத்துப் பிடித்து, அன்றிலிருந்து அதைத்தான் செடிகளுக்கு ஊற்றிவருகிறார். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்த ஊரில் இது நியாயமான சிக்கனம். நான் போகும் வீடுகளில் பல இப்படித்தான் செய்கின்றன.

ஜூனில் பால்கனிக்குச் சாயக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார். புறாத் தொல்லை. அதுவரை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பாதித் தொட்டிகளில் சாரல் அடிக்கும், மழை கலவையைக் கழுவி உப்பை இறக்கிவிடும். கடந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு சொட்டு மழையும் அந்தத் தொட்டிகளில் விழவில்லை. வெளிச்சமும் குறைந்தது. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் தின்பதும் குறையும். ஊற்றும் அளவு மட்டும் மாறவில்லை.

ஆகஸ்டில் அடுக்ககச் சங்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு, கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் பொருத்தியிருக்கிறது. குழாய்களில் சுண்ணாம்பு படிவது நின்றது; எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதில் சோடியத்தை விடுகிறது. அதனால்தான் அதற்கு மூட்டை மூட்டையாகச் சமையல் உப்பு தேவைப்படுகிறது. அந்தத் தண்ணீர்தான் ஆர்ஓ இயந்திரத்துக்குள் போகிறது. குடிநீர் ஒரு பக்கம் பிரிய, மிச்ச உப்பெல்லாம் செறிந்து நீல வாளிக்கு வருகிறது.

அளவிட்டுப் பார்த்தது

இந்த முறை, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவும் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளும் கொண்டுபோயிருந்தேன். ஆர்ஓ குடிநீர் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு). குழாய்த் தண்ணீர் 910. நீல வாளி 1,320. உப்பு கூடினால் தண்ணீரின் மின்கடத்துத்திறனும் கூடும்; என் பேனா அதை மைக்ரோசீமன்ஸில் அளந்து, பாதியாக்கி பிபிஎம்மாகக் காட்டும் வகை. அந்தக் கணக்கில் வாளித் தண்ணீர் சென்டிமீட்டருக்கு 2.6 மில்லிசீமன்ஸ் வருகிறது. பாசன நீர்ப் பாகுபாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் அமெரிக்க முறைப்படி 2.25-ஐத் தாண்டினாலே மிக அதிக உவர்நீர். மழையோ வடிகாலோ இல்லாமல் தொட்டிக்குள் அடைபட்ட செடிக்கு அதைத்தான் பத்து மாதம் ஊற்றியிருக்கிறோம்.

அடுத்து தொட்டிகள். வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு ஆர்ஓ குடிநீரை 100 மில்லி அளவு மேலே ஊற்றி, அடியில் சொட்டும் முதல் 50 மில்லியைக் கிண்ணத்தில் பிடித்து அளந்தேன். வேர்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை இந்த வடிநீர் ஓரளவு காட்டிக்கொடுக்கும். அரிகா 3,100. ஸ்பைடர் பிளாண்ட் நான்கும் 2,600 முதல் 2,900 வரை. ஸ்நேக் பிளாண்ட் 1,400 மட்டுமே. அதற்கு அவர் மாதம் ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றுவார். குறைவாக ஊற்றியதால் உப்பும் குறைவாகவே சேர்ந்திருக்கிறது. பிஎச் எல்லாத் தொட்டிகளிலும் 8-ஐ ஒட்டி, அதாவது காரத்தன்மை. மணி பிளாண்டின் வெளுத்த தளிருக்கு விடை இதில் இருந்தது. இரும்பு செடிக்குள் இடம் மாறாத சத்து. பற்றாக்குறை வந்தால் புது இலையில்தான் முதலில் தெரியும். பிஎச் 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தாலும் அது வேருக்குக் கிடைக்கும் நிலையில் இருக்காது. நைட்ரஜனோ மெக்னீசியமோ குறைந்திருந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகியிருக்கும், ஏனென்றால் அவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். எப்சம் உப்பு இங்கே பயன்படாததற்குக் காரணம் அதுதான். உப்பின் மேல் இன்னொரு உப்பாக மட்டும் அது சேர்ந்தது.

என்னை உறுத்தியது பீஸ் லில்லியின் எண். மூன்று வாரம் முன்பு நானே புதுக் கலவையில் நட்ட செடி. வடிநீர் 1,900 காட்டியது. வாளித் தண்ணீர் மட்டும் மூன்று வாரத்தில் அவ்வளவு ஏற்றியிராது. வண்டியில் மிச்சமிருந்த நார்க்கழிவுக் கட்டியை ஆர்ஓ நீரில் ஊறவைத்துப் பிழிந்து அளந்தேன். 1,100. கழுவாத நார்க்கழிவு இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகளைச் சுமந்திருக்கும். மண்புழு உரத்திலும் உப்பு உண்டு. உப்பால் நொந்த வேரை எடுத்து நானே இன்னோர் உப்புக் கலவையில் நட்டிருந்தேன். அதை அவரிடம் அங்கேயே சொன்னேன்.

மண்தொட்டி ஒன்றின் வெளிப்பக்கம் இரண்டு படிவங்கள் இருந்தன. கீழே பழைய சாம்பல் வெள்ளை வளையம். ஈரத்துணியால் தேய்த்தும் போகவில்லை. எலுமிச்சை சொட்டியதும் நுரைத்தது. அது பழைய கடினநீர் விட்டுப்போன சுண்ணாம்பு. அதற்கு மேலே, விளிம்பை ஒட்டி, பொருபொருவென்று தூள் பூத்த இன்னொரு வளையம். ஈரத்துணி பட்டதும் கரைந்து போயிற்று. அது ஆகஸ்டுக்குப் பிந்தைய தண்ணீரும் உரமும் எழுதியது. சாஃப்ட்னர் வந்த தேதியைச் சங்கத்தின் ரசீதைப் பார்க்காமலே அந்தத் தொட்டியில் படித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் பாட்டிலைப் பார்த்தேன். அதே தாய்க்கொடியிலிருந்து வெட்டிய மணி பிளாண்ட். இலைகள் கரும்பச்சை, வேர்கள் கண்ணாடிக்குள் நீண்டு வெண்மையாக, நுனி வரை உயிரோடு. இதற்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "அது சாமிக்குப் பக்கத்துல இருக்குல்ல தம்பி, அதுக்கு மட்டும் குடிக்கிற தண்ணிதான்" என்றார். பேனாவும் தாளும் இல்லாமலே முதல் நாளில் எனக்கு விடை சொல்லியிருக்கக்கூடிய செடி அது.

எடுத்த முடிவுகள்

தண்ணீர் இருக்கும்போதே வேருக்கு எப்படித் தாகம் எடுக்கும் என்று அவர் கேட்டார். மாவடு போடுவதைச் சொன்னேன். உப்பில் போட்ட வடு மறுநாள் சுருங்கிக் கிடக்கிறது, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது. உப்பு பக்கத்தில் இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும், வேருக்கு ஏறாது. உடனே புரிந்துகொண்டார். பதில் சொல்லாமல் எழுந்து போய் நீல வாளியைக் கழிப்பறைப் பக்கம் வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் போகிறது. வீணாகவில்லை என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது, எனக்கும்தான்.

வேறு தண்ணீர் எது என்பது எளிதான கேள்வி இல்லை. முழுக்க ஆர்ஓ குடிநீர் என்றால், அந்த இயந்திரத்தில் ஒரு லிட்டருக்கு இரண்டு லிட்டர் கழிவு போகிறது. மேலும் அதில் கால்சியமும் மெக்னீசியமும் அநேகமாக இல்லை. நாளாவட்டத்தில் அந்தப் பற்றாக்குறை வரும். கீழ்த்தளத் தோட்டத்துக்கு சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரியும் குழாய் ஒன்று இருப்பதைக் காவலாளி காட்டினார். அதன் டிடிஎஸ் 890. எண்ணில் குழாய்த் தண்ணீருக்கு இணைதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும். அதில் ஒரு பங்கு, ஆர்ஓ நீர் இரண்டு பங்கு என்று கலந்தால் 340 சொச்சம் வந்தது. 17 தொட்டிக்கும் வாரம் 12 லிட்டர் போதும் என்பதால், ஆர்ஓ நீர் எட்டு லிட்டர்தான் செலவு. இதைத் தேர்ந்தோம்.

சேர்ந்த உப்பை வெளியேற்ற, தொட்டிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினோம். சோடியம் நார்க்கழிவில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீருக்கு எளிதில் இளகாது. அதை இடம்பெயர்க்கக் கால்சியம் வேண்டும். அதனால் முதல் சுற்றில் லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் கரைத்த தண்ணீர். பிறகு அரைமணி இடைவெளி விட்டு, கலப்புத் தண்ணீரில் மூன்று சுற்று. மொத்தத்தில் தொட்டிக் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு தண்ணீர். ஏற்கெனவே புண்ணான வேர்களை இப்படி நனைப்பது ஆபத்தும்கூட. எனவே ஒரு நாளைக்கு நான்கு தொட்டிக்கு மேல் எடுக்கவில்லை. காலையில் கழுவி மாலை வரை மின்விசிறிக்கு அடியில் வடியவிட்டோம்.

பீஸ் லில்லிகளைக் கழுவவில்லை, மாற்றி நட்டோம். மூன்று வாரத்தில் இரண்டாவது மாற்றம் பெரிய செடிக்குக் கொடுமைதான். ஆனால் அழுகலிலிருந்து மீளும் செடியை இத்தனை தண்ணீரில் முக்குவது அதைவிட மோசம் என்று பட்டது. நார்க்கழிவை 5 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, ஆர்ஓ நீரில் இருமுறை அலசி, பிழிநீர் 300-க்குக் கீழே இறங்கிய பிறகே பயன்படுத்தினேன். அதோடு, கலவையை இளக்கமாக வைக்கும் பெர்லைட் வெண்குருணை. மண்புழு உரம் ஒரு கைப்பிடி மட்டும். செம்மண்ணை விட்டுவிட்டேன்.

ஆறு வாரத்துக்கு உரமே இல்லை என்பதுதான் அவரை ஒப்புக்கொள்ள வைக்கச் சிரமமான முடிவு. வெளுத்து நிற்கும் பிள்ளைக்குச் சாப்பாடு போடாதே என்பதுபோல அவருக்குப் பட்டிருக்கும். வாய்ப்புண் ஆறாமல் காரச்சோறு ஊட்ட முடியாதே என்றேன். மணி பிளாண்டுக்கும் சிங்கோனியத்துக்கும் மட்டும் கழுவிய மறுவாரம் ஒருமுறை கொடுக்கிணைப்பு இரும்பு (வேருக்கு எட்டும்படி கரைந்த நிலையில் பிடித்துவைத்த இரும்பு) கொடுத்தேன். கடையில் எளிதாகக் கிடைப்பது ஈடிடிஏ வகை. அது பிஎச் 6.5-க்கு மேல் நிற்காமல் பிரிந்துவிடும். தேடி வாங்கியது ஈடிடிஎச்ஏ வகை. கரைத்தால் செக்கச்சிவந்த நிறம் வரும், கார மண்ணிலும் தாங்கும்.

தொடர்ந்து நடந்தவை

கழுவிய மறுநாள் அரிகாவின் வடிநீர் 1,250-க்கு இறங்கியது. இரண்டு வாரம் கழித்து அதே 1,500-க்கு ஏறியதும் அவர் பதறிப்போனார். வேர்ப்பந்தின் உட்பகுதியில் இருந்த உப்பு மெல்ல வெளியே வருகிறது, எதிர்பார்த்ததுதான். இன்னொரு சுற்றுக் கழுவினோம். ஆறாவது வாரம் 800.

கலத்தியா பிழைக்கவில்லை. மார்ச் முதல் வாரம் கிழங்கு வரை அழுகிப்போயிருந்தது. அதன் வேர் கழுவலைத் தாங்கும் நிலையில் இல்லை. அதையும் பீஸ் லில்லியைப்போல மாற்றி நட்டிருக்க வேண்டும். பீஸ் லில்லி கன்றுகளில் சிறியதும் போயிற்று.

பெரியது பிழைத்தது. ஐந்தாவது வாரம் ஒரு இலை விரிந்தது. அவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். நுனி வரை பச்சை, ஊசிமுனையாக. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நுனியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மணி பிளாண்டின் அடுத்த மூன்று தளிர்கள் பச்சையாகவே வந்தன. ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுதாகத் தேறவில்லை, தேறும் என்று நான் சொல்லவும் இல்லை. கருகிய நுனிகளும் அப்படித்தான்; அவை திரும்பப் பச்சையாகாது. ஸ்பைடர் பிளாண்டின் கருகல்களைக் கத்தரிக்கலாமா என்று கேட்டபோது, பழுப்பில் ஒரு நூலிழை விட்டு வெட்டச் சொன்னேன். பச்சையில் கத்தரி பட்டால் வெட்டுவாய் மறுபடி காயும். ஏப்ரலில் 19:19:19-ஐ லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை என்று தொடங்கினோம். ஒரு தடவைக்கு முன்பு ஊற்றியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

மே மாதம் ஏசி ஓட ஆரம்பித்ததும் அதன் வடிநீரைப் பிடித்தார். ஒரு ராத்திரிக்கு நான்கு ஐந்து லிட்டர் வந்தது. அளந்தால் 20 பிபிஎம். முதலில் வரும் தூசித் தண்ணீரை விட்டுவிட்டு மற்றதை ஆர்ஓ நீருக்குப் பதிலாகக் கலந்துகொள்ளச் சொன்னேன். கோடை முழுக்கச் செடிகளுக்காக ஆர்ஓ ஓடவில்லை.

மறுபடி செய்வதென்றால்

டிடிஎஸ் பேனா இப்போது கத்தரியோடு ஒரே பையில் இருக்கிறது. செடியைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன். அந்தப் பாத்திரத்தைக் காட்டச் சொல்லி அளக்கிறேன். "குழாய்த் தண்ணீர்தான்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வதில்லை. இந்த அம்மாவும் முதல் நாள் அப்படித்தான் சொன்னார், பொய்யில்லை. ஆர்ஓ வாளியும் அவருக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

நாற்றங்காலுக்கு வரும் நார்க்கழிவுக் கட்டிகளில் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை ஊறவைத்து அளக்கிறேன். கால்சியம் நைட்ரேட்டில் ஊறாத நார்க்கழிவு இப்போது எந்தத் தொட்டிக்கும் போவதில்லை. இதற்கு முன் நான் நட்டுக் கொடுத்த தொட்டிகளில் எத்தனை பேர் வீட்டில் இலை நுனி கருகியிருக்கும் என்ற எண்ணம் வராமல் இல்லை.

நோயுற்ற செடியைப் போலவே நலமாக இருக்கும் செடியையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 15 தொட்டிகள் சொல்லாததை இரண்டு ஸ்நேக் பிளாண்டும் ஒரு பாட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் எது வேறு என்று முதல் நாளே கேட்டிருந்தால், பெரிய பீஸ் லில்லிக்கு ஒரு மாற்று நடவு மிச்சமாகியிருக்கும். கலத்தியாவுக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

சாஃப்ட்னர் பொருத்திய பிறகு அதே அடுக்ககத்தில் இன்னும் மூன்று வீடுகளில் செடிகள் நொந்திருந்தது பின்னால் தெரிந்தது. அந்த அம்மா தன் நோட்டை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். செப்டம்பரில் மொட்டைமாடியில் சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு தனிக்குழாய் வைத்தார்கள். செடிகளுக்கு என்று பெயிண்டில் எழுதியும் வைத்தார்கள். அக்டோபரில் முதல் மழை பெய்தபோது அவர் பால்கனிக் கண்ணாடிகளில் இரண்டை நகர்த்தித் திறந்துவிட்டு, அரிகாவை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அதன் அடி மட்டைகள் இன்னும் மஞ்சள்தான். நடுக்குருத்து பச்சையாக ஒரு முழம் ஏறியிருக்கிறது.